வாடகை வீடு உண்மையில் வருமானம் தருகிறதா? கோலசிலாங்கூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயில் திருவிழாவிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இன்னொரு வீடு வாங்கிப் போடுங்க. வாடகையே பேங்க் கடனைக் கட்டிரும். நம்ம கையில இருந்து ஒரு காசு போகாது."

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, பூஞ்சாக் ஆலாம் எனக் கோலசிலாங்கூர் மாவட்டம் முழுவதும் இந்தப் பேச்சு பரவியிருப்பதற்குக் காரணம் உண்டு. ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்திருக்கின்றன. 2011ஆம் ஆண்டில் லத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு ஈஜோக்கிலிருந்து தலைநகர்ப் பக்கம் வேலைக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. பூஞ்சாக் ஆலாமில் யுஐடிஎம் வளாகமும், பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. வாடகைக்கு ஆள் கிடைக்கும் என்ற நம்பிக்கை வீண் நம்பிக்கை அல்ல.

ஆனால் வாடகை வருவது வேறு, வருமானம் வருவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சேமநிதிப் பணத்தை எடுத்து வீட்டில் போடுகிறவர்கள் பிறகு சிரமப்படுகிறார்கள். எனவே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டின் அருமை நமக்குத் தெரியும்

இந்த மண்ணில் சொந்த வீட்டுக்காக நம் மக்கள் பட்ட பாட்டை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பதே தலைமுறைகளின் அனுபவம். பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் தங்களுக்குரிய வீடுகளுக்காக நடத்திய நீண்ட போராட்டம் நம் கண் முன்னே நடந்தது.

அப்படிப்பட்ட சமூகத்தில் ஒருவர் இரண்டாவது வீடு வாங்கும் நிலைக்கு வருவது பெருமைக்குரிய செய்திதான். அந்த இரண்டாவது வீடு முதல் வீட்டுக்கு ஆபத்தாகிவிடக் கூடாது. அதனால்தான் இந்தக் கணக்கு.

300,000 வெள்ளி வீடு: ஓர் எடுத்துக்காட்டு

தரை வீடு ஒன்றின் விலை 300,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதி 270,000 வெள்ளியை வங்கியில் 4 விழுக்காடு வட்டிக்கு, 30 ஆண்டுகளுக்குக் கடனாக எடுக்கிறோம். மாதத் தவணை 1,289 வெள்ளி.

முதலில் கையிலிருந்து போகும் தொகை என்ன? முன்பணம் 30,000 வெள்ளி. வீட்டு உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி, முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வெள்ளி வரை 2 விழுக்காடு என்ற கணக்கில் 5,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கான முத்திரை வரி 0.5 விழுக்காடு, அதாவது 1,350 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து 7,000 வெள்ளிச் சொச்சம். சாயம், விளக்கு, மின்விசிறி, இரும்புக் கிராதி என்று வீட்டைக் குடிவைக்கத் தயாராக்க 8,000 வெள்ளி. ஆக மொத்தம் 51,000 வெள்ளிக்கு மேல். இது இரண்டாவது வீடு என்பதால் முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரிச் சலுகை கிடைக்காது.

இனி வரவு. மாத வாடகை 1,000 வெள்ளி என்று வைப்போம். ஆண்டுக்கு 12,000 வெள்ளி. வீட்டு விலையில் இது 4 விழுக்காடு. விளம்பரத்தில் சொல்லப்படும் "வருமானம்" இதுதான்.

ஆனால் ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் வருவதற்குள் வீடு பூட்டிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு மாதம் அப்படிப் போனால் கைக்கு வருவது 11,000 வெள்ளி. அதிலிருந்து நில வரி, மதிப்பீட்டு வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்ப்பு, முகவர் கட்டணம், ஒப்பந்தச் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,500 வெள்ளியைக் கழியுங்கள். மிச்சம் 8,500 வெள்ளி. இது வீட்டு விலையில் 2.8 விழுக்காடுதான்.

ஆண்டுக்கு வங்கிக்குக் கட்ட வேண்டியதோ 15,468 வெள்ளி. வரவு 8,500. துண்டு விழுவது 6,968 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 580 வெள்ளி நம் சம்பளத்திலிருந்து போக வேண்டும். "ஒரு காசு போகாது" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் நட்டமா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. முதல் ஆண்டில் கட்டும் 15,468 வெள்ளியில் ஏறக்குறைய 10,710 வெள்ளி வட்டி. மீதி 4,755 வெள்ளி அசல். அசலாகப் போகும் பணம் தொலைந்துபோவதில்லை, வீட்டில் நம் பங்காகச் சேர்கிறது. ஆகவே உண்மையான செலவு, வட்டிக்கும் நிகர வாடகைக்கும் உள்ள வித்தியாசம்தான். அது ஆண்டுக்கு ஏறக்குறைய 2,200 வெள்ளி.

அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆரம்பத்தில் போட்ட 51,000 வெள்ளி ஊழியர் சேமநிதியிலேயே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? சேமநிதி வாரியம் 2020ஆம் ஆண்டுக்கு 5.20 விழுக்காடும், 2021க்கு 6.10, 2022க்கு 5.35, 2023க்கு 5.50, 2024க்கு 6.30 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. 5.5 விழுக்காடு என்று வைத்தாலும் 51,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 2,800 வெள்ளி.

இரண்டையும் கூட்டினால் 5,000 வெள்ளி. வீட்டு விலையில் இது ஏறக்குறைய 1.7 விழுக்காடு. அதாவது, வீட்டின் விலை ஆண்டுக்கு 1.7 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் இந்த முதலீடு சேமநிதியை முந்துகிறது. ஏறாவிட்டால் முந்தாது. விற்கும்போது போகும் முகவர், வழக்கறிஞர் கட்டணங்களையும் கழிக்க வேண்டும்.

ஆகவே நாம் இங்கே நம்பியிருப்பது வாடகையை அல்ல, விலை உயர்வை. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு. எந்தத் தாமானில் என்ன விலைக்கு வீடுகள் கைமாறியிருக்கின்றன என்பதை நாப்பிக் எனப்படும் தேசியச் சொத்துத் தகவல் மையத்தின் பதிவுகளில் பார்க்கலாம். விற்பவர் சொல்லும் விலையைவிட அந்தப் பதிவே நம்பத் தக்கது.

செம்பனைத் தோட்டம் சொல்லும் பாடம்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் வட்டாரத்தில்தான் உருவானது. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்றழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். செம்பனை நட்ட உடனே குலை தருவதில்லை. மூன்று ஆண்டுகள்போல உரமும் களையெடுப்பும் செலவு மட்டும்தான். பிறகு 25 ஆண்டுகள்வரை பலன். இதைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் அந்தச் "செலவுக் காலம்" இன்னும் நீளமானது. மேலே சொன்ன வீட்டில் கைக்காசு போடாமல் தவணையும் செலவும் கட்டிவர வேண்டுமானால் மாத வாடகை ஏறக்குறைய 1,630 வெள்ளியாக வேண்டும். 1,000 வெள்ளி வாடகை ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்ந்தால் அந்த நிலையை எட்ட ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகும். 3 விழுக்காடு உயர்ந்தாலும் 17 ஆண்டுகள். வராந்தா ஓடும் தண்ணீர்க் குழாயும் பழசாகிச் செலவு கூடுவதை இதில் நாம் சேர்க்கவே இல்லை.

எனவே கடன் வாங்கி வாங்கிய வாடகை வீடு, கடன் இருக்கும்வரை வருமானம் தரும் சொத்து அல்ல. அது கட்டாயச் சேமிப்பு. கடன் முடிந்த பிறகுதான் வருமானம். 30 வயதில் வாங்குபவருக்கு 60 வயதில் வாடகை முழுதாகக் கைக்கு வரும். பணி ஓய்வுக் காலத்துக்கு அது நல்ல துணை. 50 வயதுக்கு மேல் வாங்குபவரின் கதை வேறு.

55 வயதில் வாங்கினால்

சேமநிதிப் பணம் 55 வயதில் கைக்கு வரும்போதுதான் இந்த ஆசை பலருக்கு வருகிறது. வீட்டுக் கடனை வங்கிகள் பொதுவாக 70 வயதுக்குள் முடித்துவிடச் சொல்லும். 55 வயதில் வாங்கினால் 15 ஆண்டுகள்தான். அதே 270,000 வெள்ளிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 2,000 வெள்ளி. மாதம் 1,290 வெள்ளி துண்டு விழும். சம்பளம் நின்றுபோகும் நேரத்தில் அது எங்கிருந்து வரும்?

"கடனே வேண்டாம், ரொக்கமாக வாங்கிவிடுவேன்" என்றால், 300,000 வெள்ளி போட்ட வீடு ஆண்டுக்குத் தருவது நிகரமாக 8,500 வெள்ளி. அதே பணம் சேமநிதியில் 5.5 விழுக்காட்டில் இருந்தால் 16,500 வெள்ளி. வீட்டின் விலை ஏறலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் சேமநிதியிலிருந்து 10,000 வெள்ளி எடுக்கலாம், வீட்டிலிருந்து ஓர் அறையை மட்டும் விற்க முடியாது.

பிள்ளையின் பெயரில் வாங்கலாமா?

பெற்றோருக்கு வயதாகிவிட்டதால் வங்கி மறுக்கிறது, அதனால் வேலைக்குச் சேர்ந்த மகன் அல்லது மகள் பெயரில் வாங்குகிறோம் என்று பலர் செய்கிறார்கள். இதில் கண்ணுக்குத் தெரியாத இழப்பு இருக்கிறது. அந்த வாடகை வீடே பிள்ளையின் "முதல் வீடு" ஆகிவிடுகிறது. பிறகு அவர் திருமணமாகித் தாம் குடியிருக்க வீடு வாங்கும்போது முதல் வீட்டுக்கான சலுகைகள் போய்விடும். சேமநிதியில் வீட்டுக்காக எடுப்பதற்கும் முதல் வீட்டை விற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நிற்கும். வாடகை வீட்டுக் கடனும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தவணை தவறினாலும் அது அவர் பெயரில்தான் பதிவாகும். பிள்ளையோடு உட்கார்ந்து பேசாமல் இதைச் செய்யக் கூடாது.

மலிவான அடுக்குமாடி வீடு தேவலாமா?

வாடகைக் கணக்கை மட்டும் பார்த்தால் மலிவான வீடுதான் நல்லது. 100,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு, வாடகை 600 வெள்ளி என்று வைப்போம். ஒரு மாதம் காலி, பராமரிப்புக் கட்டணம், வரி, பழுது எல்லாம் போக ஆண்டுக்கு 4,500 வெள்ளி மிஞ்சும். அது 4.5 விழுக்காடு. 90,000 வெள்ளிக் கடனுக்கு மாதத் தவணை 430 வெள்ளி. துண்டு விழுவது மாதம் 50 வெள்ளி அளவில்தான்.

ஆனால் இத்தகைய வீட்டில் வேலை அதிகம். மின்தூக்கி ஓடுகிறதா, நிர்வாகக் குழு இயங்குகிறதா, முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பராமரிப்புப் பாக்கி எவ்வளவு என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். லேலோங் வீடு என்றால் உள்ளே ஆள் குடியிருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவரை வெளியேற்றுவது ஏலத்தில் எடுத்தவரின் பொறுப்பாகிவிடும். குறைந்த விலை வீடுகளிலும் ருமா சிலாங்கூர்கூ வீடுகளிலும், உரிமையாளரே குடியிருக்க வேண்டும், இத்தனை ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது போன்ற நிபந்தனைகள் இருக்கலாம். வாங்குமுன் நில உரிமைப் பத்திரத்தைப் பாருங்கள். வட சிலாங்கூரில் மலாய் ரிசர்வ் நிலங்களும் உண்டு, 99 ஆண்டுக் குத்தகை நிலங்களும் உண்டு. "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்பவரை நம்பி வைப்புத்தொகை கொடுத்துவிடாதீர்கள்.

வட்டி ஏறினால் என்ன ஆகும்?

பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2022 மே முதல் படிப்படியாக ஏறி 2023 மே மாதம் 3 விழுக்காடானது. 2025 ஜூலையில் 2.75 விழுக்காடாகக் குறைந்தது. 270,000 வெள்ளிக் கடனுக்கு வட்டி 3 விழுக்காட்டிலிருந்து 4.25 ஆனால் தவணை 1,138 வெள்ளியிலிருந்து 1,328 வெள்ளியாகும். மாதம் 190 வெள்ளி கூடுதல். வங்கி கூட்டியதும் வாடகையைக் கூட்ட முடியாது. குடியிருப்பவர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார்.

சட்டமும் வரியும்

வாடகை வருமானத்துக்கு வருமான வரி உண்டு. கடன் வட்டி, நில வரி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி, பழுதுபார்ப்புச் செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். கடனின் அசலைக் கழிக்க முடியாது. முதல் வாடகைக்காரரைத் தேடப் போன முகவர் கட்டணத்தையும் கழிக்க முடியாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டை வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரியாகப் போகும். நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு இந்த வரி இல்லை. மூன்றாவது வீட்டுக் கடன் என்றால் 2010ஆம் ஆண்டிலிருந்து வங்கிகள் 70 விழுக்காடுவரை மட்டுமே தருகின்றன.

வாடகை ஒப்பந்தத்தை வாய்மொழியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 1,000 வெள்ளி வாடகைக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் முத்திரை வரி 144 வெள்ளிதான். முத்திரையிடாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக எடுபடாது. இரண்டு மாத வைப்புத்தொகை, மின்சாரம் தண்ணீருக்குத் தனி வைப்புத்தொகை வாங்கிவிடுங்கள். மின் கணக்கைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

வாடகை கட்டாதவரின் வீட்டைப் பூட்டவோ, சாமானை வெளியே வைக்கவோ உரிமையாளருக்கு உரிமை கிடையாது. 1950ஆம் ஆண்டின் தனிநிவாரணச் சட்டப்படி நீதிமன்ற ஆணை வேண்டும். அந்த மாதங்களில் வாடகையும் வராது, வழக்கறிஞர் செலவும் உண்டு. தொழிற்சாலைக்குத் தொழிலாளர் விடுதியாக விடுவதானால், முதலாளி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். எத்தனை பேர் தங்குவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நம்மில் அதிகம். நாம் உரிமையாளராகும்போது அந்தக் கதவை நாமாவது திறந்து வைப்போம். சம்பளச் சான்று, முந்தைய உரிமையாளரின் பேச்சு இவற்றைப் பார்த்து ஆளை முடிவு செய்தால் போதும். ஒழுங்காக வாடகை கட்டி ஐந்து ஆண்டுகள் இருக்கும் ஒரு குடும்பம், ஐம்பது வெள்ளி கூடுதல் வாடகையைவிட லாபம்.

சேர்ந்து வாங்கிய வழியும் உண்டு

வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டப் பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களுக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். சொத்தில் பங்கு பெற ஒருவர் தனியாகப் பெரிய கடனில் விழ வேண்டியதில்லை என்பதை அன்றே காட்டினார்கள். இன்று சேமநிதியில் விருப்பச் சந்தாவாக ஆண்டுக்கு 100,000 வெள்ளிவரை போடலாம். சேமநிதி வாரியமே கட்டடங்களிலும் முதலீடு செய்கிறது.

முடிவு எடுக்குமுன்

வாடகை வீடு கெட்ட முதலீடு என்று சொல்வதல்ல நோக்கம். வயது குறைவு, நிலையான வேலை, குடியிருக்கும் வீட்டுக் கடனில் பாக்கி இல்லை, மாதம் 600 வெள்ளி துண்டு விழுந்தாலும் பிள்ளைகள் படிப்பு நிற்காது, ஆறு மாதத் தவணை தனியாகக் கையில் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். பொறுமையாக இருந்தால் ஓய்வுக் காலத்தில் அது கைகொடுக்கும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். வாங்க நினைக்கும் வீட்டின் விலை, அதே தாமானில் இப்போது கிடைக்கும் வாடகை, வங்கி சொல்லும் தவணை ஆகிய மூன்றையும் எழுதி, ஆண்டுக்குப் பதினொரு மாத வாடகையை மட்டும் வரவு வையுங்கள். வரும் துண்டுத் தொகையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.